குழாய் ஓடும் நேரம்

ஜனவரி 11

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் இடுப்பு மட்டும் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. உன் உடம்பு, மாப்பிள்ளை உடம்பு, குஞ்சுகள் உடம்பு எப்படி என்று முதல் வரியிலேயே எழுது. போன தடவை கடைசி வரியில் எழுதினாய். அதுவரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவன் மகள் கண் பரிசோதனைப் படிப்பில் தேறி, அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு முதல் ஆளாக என் கண்ணைத்தான் சோதித்தாள். "கடைசி வரி தெரியுதா பாட்டி?" என்றாள். "தெரியலைன்னு சொன்னா உன் வேலை போயிடுமா?" என்று கேட்டேன். நடுவுலவன் பையன் நீச்சலில் வெள்ளி மெடல் வாங்கிவிட்டான். அதைக் குளிக்கும்போதும் கழற்றுவதில்லையாம், கழுத்தெல்லாம் பச்சையாகிவிட்டது. உன் மகள் குருவி வகுப்பிலேயே கையெழுத்தில் முதல். உன் பையன் தக்காளி சாக்கு ஓட்டத்தில் இரண்டாவது. நடுவில் விழுந்து எழுந்தும் இரண்டாவது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். விழாமல் ஓடியிருந்தால் முதல் பரிசு எங்கே போயிருக்கும்?

இதையெல்லாம் எதிர்வீட்டு டீச்சரிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் முகம் ஊறுகாயைக் கடித்த மாதிரி ஆனது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வீட்டில் இத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகளா என்று அவருக்குத் தாங்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுத நான் தபால் கார்டு வாங்குவதே இல்லை. கார்டு என்றால் தபால்காரர் படிப்பார், டீச்சர் படிப்பார், தெரு படிக்கும். நம் வீட்டில் நல்லதை ஊர் கேட்கட்டும், மற்றதெல்லாம் உறைக்குள் இருக்கட்டும்.

அலமாரிக் கண்ணாடியில் எல்லார் போட்டோவும் ஒட்டியிருக்கிறேன். உங்கள் போட்டோவில் தக்காளியின் ஒரு கன்னத்தைக் குருவியின் முழங்கை மறைத்துவிட்டது. அந்தக் கன்னத்துக்காகத்தானே அவனுக்குத் தக்காளி என்று பேர் வைத்தேன். புதுசாக ஒன்று எடுத்து அனுப்பு.

உன் அம்மா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அம்மாவுக்கு,

முதல் வரியிலேயே எழுதுகிறேன்: இப்போது எல்லாரும் சுகம்.

குருவி பள்ளிக்கூடத்திலிருந்து வாந்தி நோயைக் கொண்டுவந்தாள். அவளிடமிருந்து தக்காளிக்கு, தக்காளியிடமிருந்து உன் மாப்பிள்ளைக்கு. வரிசையாக விழுந்தார்கள். வீடு முழுக்க அந்தச் சத்தம். எனக்கு மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரியாததுதான் பயமாக இருக்கிறது. அது எங்கோ உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி.

போர்வை, தலையணை, கதவுப் பிடி, ஸ்விட்சு, செருப்பு எல்லாம் கழுவிவிட்டேன். தைக்கக் கொடுத்திருந்த யூனிஃபார்ம் துணிகளைக்கூட நனைத்து உலர்த்தித்தான் மெஷினில் வைத்தேன். பள்ளிக்கூடத்துக்காரர்கள், துணி எப்படிச் சுருங்கியது என்று கேட்டார்கள். என்ன சொல்வது?

அம்மா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடித உறையை நாக்கால் நக்கி ஒட்டாதே. நீ ஒட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பு. உன் கடிதத்தைப் பிரித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. அப்புறம் கை கழுவப் போனேன்.

போட்டோ அடுத்த தடவை.

உன் மகள்

*

பிப்ரவரி 14

மகளுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

என் எச்சில் உனக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டேன். பல் முளைக்காத காலத்தில் நான் மென்று கொடுத்ததைத் தின்று வளர்ந்தவள் நீ. அப்போது வாயைத் திறந்து இன்னும் இன்னும் என்று கேட்டாய். போகட்டும். இந்த உறையைப் பசை தடவி ஒட்டியிருக்கிறேன். பசையைக் கையால்தான் தடவினேன், கையும் ஆகாது என்றால் சொல், கரண்டியால் தடவுகிறேன்.

கோபமில்லை. உன் உறை வந்ததைப் பார்த்தேன். ஒட்டாமல் நூலால் தைத்து அனுப்பியிருக்கிறாய். தையல் நன்றாக இருக்கிறது, ஒரு இழைகூட விலகவில்லை. ஆனால் பிரித்ததும் ப்ளீச்சிங் பவுடர் வாசம் வந்தது. பெரியவன் மகள் "யாரு பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நோய் வந்தது, போனது. எல்லார் வீட்டிலும் வருவதுதான். சாப்பாட்டுக்கு எல்லாரும் சேர்ந்துதானே உட்காருகிறீர்கள்? அதை மட்டும் எழுது. போட்டோவையும் மறந்துவிடாதே.

உன் அம்மா

*

மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லாரும் சுகம். உன் இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

தாமதமாகப் பதில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் கடிதம் வந்ததும் குருவியை மொட்டைமாடியில் ஒரு செங்கல்லுக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் வெயில் படட்டும். அப்புறம் இஸ்திரி போட்டு, அப்புறம் பிரிப்பேன். வேறு யார் கடிதமென்றாலும் இதே முறைதான். உன்னை மட்டும் ஒதுக்கவில்லை.

சேர்ந்து உட்காருகிறோமா என்று கேட்டிருந்தாய். நான் மாடியில் தையல் அறைக்கு வந்துவிட்டேன். இங்கேயே சின்னதாகக் குளியலறை இருப்பதால் கீழே இறங்க வேண்டியதில்லை. உன் மாப்பிள்ளை பஸ் டெப்போ வேலைக்குக் கிளம்பும் முன் சமைத்து வைத்துவிடுகிறார். என் தட்டு, என் டம்ளர், என் தண்ணீர் தனி. பிள்ளைகள் மாடிப்படிக்குக் கீழே நின்று என்னிடம் பேசுவார்கள். தக்காளி முதலில் அழுதான், இப்போது பழகிவிட்டான். மத்தியானமே பள்ளிக்கூடம் முடிந்து வந்துவிடுவான், படிக்குக் கீழே உட்கார்ந்து தானாக விளையாடுவான். இத்தனை சமர்த்து என்று நான் நினைக்கவே இல்லை.

கீழே அவர்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு நான்தான் ப்ளீச்சிங் பவுடர் அளந்து கொடுக்கிறேன். பொட்டலத்தில் போட்டிருப்பதைவிட ஒரு கை கூடவே. தக்காளியிடம் தினம் மூன்று டம்ளர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன், உள்ளே இருப்பதெல்லாம் கழுவிக்கொண்டு போகட்டும் என்று. பலன் தெரிகிறது. ஜனவரிக்கு அப்புறம் இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

ஒரே ஒரு தொந்தரவு. கீழே பின்பக்கக் குழாய் தானாகத் திறந்துகொள்கிறது. சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, திடீரென்று முழு வேகத்தில் ஓடும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். "யாரு குழாயைத் திறந்தது?" என்று மேலேயிருந்து கேட்பேன். "யாருமில்லைம்மா" என்று குருவி சொல்வாள். குழாய்க்காரர் வந்து பார்த்து, வாஷர் புதுசாகத்தான் இருக்கிறது, பேய் பிடித்திருந்தால் அதற்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை என்று சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். மறுநாளும் ஓடியது.

அந்தச் சத்தம் கேட்டால் நம் பழைய வீட்டுப் பின்னறை ஞாபகம் வருகிறது. தம்பியை அங்கே படுக்க வைத்திருந்தீர்கள். என்னை உள்ளே விடவில்லை. அப்போதும் வெளியே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, இல்லையா அம்மா?

உன் மகள்

*

மார்ச் 28

மகளுக்கு,

எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. நடுவுலவன் பையனுக்கு அடுத்த மெடல், இந்தத் தடவை தங்கம். பெரியவன் மகள் ஒரே நாளில் ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் கண் பார்த்துவிட்டு வந்தாள். பெரியவன் லாரியோடு போயிருக்கிறான்.

உன் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ ரிசீவரைப் பவுடர் தண்ணீரில் நனைத்துத் துடைத்ததிலிருந்து அதற்குக் குரல் போய்விட்டது என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். பாவம் அவர்கள்.

கீழே இறங்கி வந்து பிள்ளைகளோடு உட்கார். வேறு என்ன எழுத. போட்டோ அனுப்பு.

உன் அம்மா

*

ஏப்ரல் 30

அம்மாவுக்கு,

சுகம்தான்.

உன் கடிதத்தை இஸ்திரி போட்டு, பிரித்து, திரும்பத் திரும்பப் படித்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. உனக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் மூன்று என்பாய். அப்போதெல்லாம் உன் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். நான் பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது பின்னறையில் பாயும் இல்லை, அவனும் இல்லை. தரை ஈரமாக இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சத்தமானாலும் நான் காது கொடுத்துக் கேட்கிறேன். இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதற்கும் நீ பதில் எழுத வேண்டாம்.

போட்டோ வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை தெருவில் நின்று எடுத்தார். மேலே ஜன்னலில் நான், கீழே வாசற்படியில் பிள்ளைகள். எல்லாரும் ஒரே படத்தில் இருக்கிறோம், திருப்திதானே?

பிள்ளைகளைப் பார்த்தால் நீ பூரித்துப்போவாய். ஓடுவதில்லை, கத்துவதில்லை, சண்டையில்லை. தக்காளி சிரிப்பதுகூட சத்தமில்லாமல். பக்கத்து வீட்டு அம்மா "பிள்ளைங்க ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டார்களாம். குருவி வாய்ப்பாடு படிப்பதில் ஒரே வெறி. கீழே குழாய் ஓடத் தொடங்கியதும் அவளும் தொடங்கிவிடுவாள். ஈரெண்டு நாலு, மூவிரண்டு ஆறு என்று தொண்டை கிழியக் கத்துவாள். குழாய் நின்றால் அவளும் நின்றுவிடுவாள். குழாய்ச் சத்தம் எனக்குப் பிடிக்காது என்று தெரிந்து அதை மறைக்கிறாள் போல. என் குழந்தைக்கு என்மேல் அவ்வளவு அக்கறை.

உன் மகள்

*

மே 12

என் குருவிக் கண்ணுக்குப் பாட்டி எழுதுவது.

லீவிலும் உங்கள் பள்ளிக்கூடத்தில் கோடை வகுப்பு நடக்கிறதாமே, அதனால் இதை அந்த முகவரிக்கு எழுதுகிறேன். உன் டீச்சரிடம் என் வணக்கத்தைச் சொல். என் பேத்தி கையெழுத்தைத் திருத்தியவர் என்று அவர்மேல் எனக்கு மரியாதை.

போட்டோ வந்தது. பெரியவன் மகளின் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தேன். ஜன்னலில் உன் அம்மா இருக்கிறாள் என்று சொன்னார்கள். வெள்ளையாக ஏதோ தெரிந்தது, கண்ணாடியில் வெயில் பட்டிருக்கலாம். தக்காளியைப் பார்த்தேன். அவன் நிஜாரை ஏன் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறீர்கள்? முழங்கை எதுவும் மறைக்கவில்லை, கன்னம் எங்கே?

கண்ணு, பாட்டி கேட்கிறேன், யாருக்கும் பயப்படாமல் எழுது. சாயங்காலம் குழாயைத் திறந்து விடுவது யார்?

நீ எழுதும் காகிதம் நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, எழுத்து கோணலானாலும் பரவாயில்லை. சீக்கிரம் எழுது.

உன் பாட்டி

*

மே 24

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? உங்கள் இடுப்பு நன்றாக இருக்கிறதா?

நான்தான் குழாயைத் திறப்பேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க பாட்டி. சொன்னா அம்மா இன்னும் மேலே போயிடுவாங்க. அதுக்கு மேலே அறையே இல்லை, மொட்டைமாடிதான் இருக்கு.

தக்காளிக்கு வாந்தி வரும். முதல்ல எப்பவாவது வந்தது. அம்மா பயப்படறாங்க, சத்தம் போடாதீங்கன்னு அப்பா சொன்னாரு. அதனால நான் அவனுக்குக் கத்துக்கொடுத்தேன். குழாயைத் திறந்துவிடணும், துண்டை வாய்கிட்ட வச்சுக்கணும், முக்கக் கூடாது, மூக்கால மூச்சு விடணும். அவன் சீக்கிரம் கத்துக்கிட்டான். சில நேரம் குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கும், அதுக்குத்தான் வாய்ப்பாடு. முடிஞ்சதும் கழுவிவிட்டுப் படிக்குக் கீழே போய் நிப்போம். அம்மா, எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்பாங்க. நல்லா இருக்கோம்மான்னு சேர்ந்து சொல்வோம். அவன்தான் என்னைவிட சத்தமா சொல்வான்.

இப்ப தினம் வருது. அப்பா இருட்டினதுக்கு அப்புறம்தான் வருவாரு, அப்ப அவன் தூங்கிடுவான். எத்தனை தடவைன்னு அப்பாவுக்குத் தெரியாது. அவன் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டான். நான் எழுதறேன், சொல்லலை. எழுதினா சத்தியம் போகாதில்ல?

எனக்கு வரலை. எங்க வீட்டுத் தண்ணி நீச்சல்குளம் மாதிரி மணக்கும், நாக்கு எரியும். அப்பா டெப்போவுலதான் குடிப்பாரு. நான் பள்ளிக்கூடத்துல குடிச்சிட்டு பாட்டில்ல பிடிச்சு வந்துடுவேன். அவனுக்கும் தரேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டான். அம்மா மூணு டம்ளர் குடிக்கச் சொல்லியிருக்காங்க, சமர்த்தா குடிச்சா கீழே வருவாங்கன்னு நினைச்சிருக்கான். இப்ப நாலு டம்ளர் குடிக்கிறான்.

இந்த வாரம் அவன் பள்ளிக்கூடம் போகலை. படிக்குக் கீழே உட்கார முடியாம சாஞ்சுக்கிறான்.

இப்படிக்கு,
குருவி

*

மே 27

(அஞ்சலட்டை)

மகளே, உறை போட்டால் வெயிலில் ஒரு வாரம் கிடக்கும். அதனால் கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படிப்பார். எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்துத்தான் தபால்பெட்டியில் போடச் சொல்கிறேன், அவரும் படிப்பார். படிக்கட்டும்.

இதைத் தொடாதே. நின்ற இடத்திலிருந்து படி.

அந்தக் குழாய்ச் சத்தத்துக்குப் பின்னால் வாந்தி எடுப்பது உன் மகன். உனக்குக் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறக்கிறார்கள்.

அன்றைக்குப் பின்னறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது உன் தம்பி. உனக்குக் கேட்கக்கூடாது என்று நான்தான் தண்ணீரைத் திறந்து விட்டேன்.

தொட்டித் தண்ணீரைக் கொட்டு. அதில்தான் கோளாறு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடு. மாப்பிள்ளைக்கும் டெப்போவுக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன். அதற்குக் காத்திருக்காதே.

கீழே இறங்கு.

அம்மா

*

ஜூன் 19

அம்மா,

தக்காளி பிழைத்துவிட்டான். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

உன் கார்டைக் குருவிதான் வழக்கம்போல மொட்டைமாடியில் போட்டு, ஓரத்தில் செங்கல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். எழுத்து மேலே பார்த்தபடி இருந்தது. துணி உலர்த்தப் போனவள் பார்த்தேன். நீ இத்தனை பெரிய எழுத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே கீழே குழாய் ஓடத் தொடங்கியது. பின்னாலேயே குருவியின் குரல், ஈரெண்டு நாலு.

படியில் கால் வைத்தேன். பாதிவரை வந்ததும் நின்றுவிட்டேன். திரும்பி மேலே பார்த்தால் என் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுத்தமாக, வெளிச்சமாக, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாகிவிட்டது அம்மா. கீழே இருப்பதைவிட அதற்கு அதிகமாகப் பயந்தேன்.

பின்பக்கம் போனேன். குருவி என்னைப் பார்த்ததும் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டாள். குழாயையும் மூடிவிட்டாள். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. அவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து துண்டை வாயில் திணித்திருந்தான். நான் வந்தது தெரிந்ததும் துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "ஒண்ணுமில்லைம்மா, கை கழுவறேன்" என்றான். அவ்வளவு மெல்லிய குரல். யார் வீட்டுப் பிள்ளையோ பேசுகிற மாதிரி இருந்தது.

தூக்கினேன். கனமே இல்லை. என் தோளில் வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு "சாரிம்மா, சாரிம்மா" என்று என் கழுத்தைத் துடைத்தான். தெருவழியாக அப்படியே ஓடினேன்.

டாக்டர் என்னிடம், இதில் ஒட்டிக்கொள்வதற்கு எதுவுமில்லை என்றார். இது யாரிடமிருந்தும் வந்த நோயில்லை. வயிற்றுக்குள் எல்லாம் புண்ணாகியிருக்கிறது, பிள்ளை என்ன குடித்தான் என்று கேட்டார். நான் அளந்து கொடுத்ததைக் குடித்தான் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டோம். கஞ்சி குடிக்கிறான். நான் கீழேதான் படுக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்று உன் மாப்பிள்ளைக்குப் புரையேறியது, நான் நாற்காலியோடு பின்னுக்குப் போய்விட்டேன். கதவுப் பிடியைத் தொடும் முன் இப்போதும் கை முந்தானை நுனியைத் தேடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் என் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே பின்பக்கம் குழாய் ஓடுகிற மாதிரி எனக்குக் கேட்கிறது. முன்பு போலில்லை, இப்போது எழுந்து போய்ப் பார்க்கிறேன். காய்ந்துபோய்க் கிடக்கும். தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்காருவேன்.

அது தம்பியாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். யாராவது போய்ப் பார்க்கட்டும் என்றுதானே காத்திருப்பான்.

உன் மகள்

*

ஜூன் 30

என் மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் உறையில் நூலில்லை. ஒட்டியிருந்தது. கோணலாக, நடுவில் ஒட்டாமல், ஓரத்தில் ஈரம் காய்ந்த கறையோடு. அவசரத்தில் நாக்கால்தான் ஒட்டியிருக்கிறாய். மோந்து பார்த்தேன், காகித வாசம் மட்டும்தான். டீச்சர் "என்னங்க லெட்டரை மோந்து பாக்கறீங்க?" என்று கேட்டார். மகள் கடிதம் என்றேன்.

அவரிடம் இனி மறைக்க ஒன்றுமில்லை. கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேற்றுதான் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?" என்றார். நாலு என்றேன். வாயிலிருந்து வந்ததும் வீடு கொஞ்சம் பெரிதான மாதிரி இருந்தது.

எப்போதும் எல்லார் பெருமையையும் வரிசையாக எழுதுவேனே, ஒருவனை விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். உன் தம்பி நாலு வயதிலேயே சட்டைப் பொத்தானைத் தானே போடுவான், மேலே ஒன்று விட்டுப்போகும், அதற்கும் ஒரு காரணம் சொல்வான். சீட்டி அடிக்கத் தெரியும். வயிறு குலுங்கச் சிரிப்பான், மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். உன்னை "பெரிசு" என்று கூப்பிடுவான். கடைசி நாளில், உன்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பும் முன், பெரிசு எங்கே என்றுதான் கேட்டான். நீ பயந்துவிடுவாய் என்று கதவைத் திறக்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் நீ வெளியே அழுததுகூட அவனுக்குக் கேட்டிருக்காது.

அவனுக்கு ஒரு போட்டோகூட இல்லை. எடுக்கலாம், அடுத்த மாதம் எடுக்கலாம் என்றே இருந்துவிட்டோம். இப்போது முகம் எனக்குச் சரியாக வருவதில்லை. கண் பார்வை குறைந்த பிறகு அதுவும் மங்கிவிட்டது. சிரிப்பு மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் போட்டோ போட்டோ என்று உன்னை நச்சரித்தேனே, ஏன் என்று இப்போது புரியும்.

உன் குழாயைப் பற்றி எழுதியிருந்தாய். கேட்டால் எழுந்து போய்ப் பார். இங்கே எனக்கும் கேட்கும். எத்தனையோ வருஷமாகக் கேட்கிறது. நான்தான் போய்ப் பார்த்ததில்லை. இந்த வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பெரிசு நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அலமாரிக் கண்ணாடியில் உங்கள் ஜன்னல் போட்டோவைக் கழற்றிவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. தக்காளி கன்னத்தில் கொஞ்சம் சதை வரட்டும், வந்ததும் புதுசாக ஒன்று எடுங்கள். வாசற்படியில் வேண்டாம், ஜன்னலில் வேண்டாம். அவன் உன் மடியில் இருக்க வேண்டும், உன் கை அவன்மேல் இருக்க வேண்டும். குருவி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டாம், வாய்ப்பாட்டை மறந்துவிட்டு அவள் இஷ்டத்துக்குச் சிரிக்கட்டும். தக்காளி சத்தம் போட்டுச் சிரிக்கும் நேரம் பார்த்து எடுக்கச் சொல். போட்டோவில் சத்தம் வராது என்று மாப்பிள்ளை சொல்வார். எனக்குத் தெரிந்துவிடும், அவர் எடுக்கட்டும்.

எடுத்ததும் உடனே அனுப்பு. வெயிலில் காய வைக்காதே, முகம் வெளுத்துவிடும்.

உன் அம்மா